மெருகிட்ட பழந்துப்பாக்கி

துப்பாக்கி என்னும் சொல் தமிழ் வகுப்பில் எப்போதும் ஒரு சிரிப்பை எழுப்பும். வான்சிறப்பு அதிகாரத்தின் இரண்டாம் குறளில், உணவை விளைவித்து என்னும் பொருளில், அவ்வெழுத்துகள் ஒன்றாய்ச் சேர்ந்து நிற்கின்றன. "ஐயா, வள்ளுவர் காலத்திலேயே துப்பாக்கி இருந்ததா?" என்று ஒரு மாணவனேனும் கேளாமல் அப்பாடம் முடிந்ததாக நான் அறியேன். அங்கே துப்பு வேறு, ஆக்கி வேறு என்று பிரித்துக் காட்டி, ஆசிரியர் மேலே செல்வார்.

நாம் இன்று வழங்கும் துப்பாக்கியோ துருக்கி, பாரசீகச் சொற்களின் வழியே வந்து சேர்ந்தது. பாரசீக அகராதிகளில் துபக் என்னும் சொல்லுக்கு வெடிகுழல் என்னும் பொருளோடு, மண்ணுருண்டையை வாயால் ஊதி எறியும் குழல் என்னும் பொருளும் காணப்படுகிறது. மலாய் மொழியில் ஊதுகுழலுக்குச் சும்பித்தான் என்று பெயர். அச்சொல்லே அரபு நாட்டில் சபத்தானா எனத் திரிந்து, ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் போயிற்று என்பர் சொல்லாராய்ச்சியாளர். தென்னிந்தியாவிலும் ஊதுகுழல் வழக்கில் இருந்ததுண்டு. ஜேம்ஸ் ஹார்னெல் என்பார் தென்னிந்திய ஊதுகுழல், வளைதடி, குறுக்குவில் ஆகியவற்றைப் பற்றி 1924இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஆகவே, மருந்தும் புகையும் இன்றிக் காற்றின் விசையால் ஈயக்குண்டை எறிகின்ற காற்றுத் துப்பாக்கி புதுமைப் பொருளன்று. துப்பாக்கி என்னும் சொல் பிறந்த வீட்டுக்கே அது திரும்பியிருக்கிறது. மலாய்க்காரரும் அதனைச் செனாப்பாங் ஆங்கின், அதாவது காற்றுத் துப்பாக்கி, என்றே வழங்குகின்றனர். செனாப்பாங் என்பது டச்சுக்காரர் கொண்டுவந்த சொல். ஆங்கின் நம் அண்டை வீட்டார் சொந்தச் சொல்.

இவ்வளவு முன்னுரைக்கும் காரணம் ஒரு நண்பர். தெலுக் பங்லிமா காராங்கில் வாழும் ஆசிரியர் அவர். அவ்வூர்ப் பெயருக்குச் சினமிக்க படைத்தலைவனின் குடா என்று பொருள் கொள்ளலாம். ஆயினும் இவரைப்போல் அமைதியானவரைக் காண்பது அரிது. கத்தியைக்கூட மாம்பழம் நறுக்க மட்டுமே எடுப்பார். அத்தகையவர் ஒருநாள் மாலை என் வீட்டுக்கு வந்து, கைப்பேசியில் சில படங்களைக் காட்டி, "ஐயா, இதற்கு என்ன விலை சொல்லலாம்?" என்று கேட்டார். படத்தில் இருந்தது ஒரு காற்றுத் துப்பாக்கி. கரிய குழல் கண்ணாடிபோல் மின்னியது. கட்டை தேன்நிறத்தில் பளபளத்தது.

அவருடைய ஐயா, தந்தையைப் பெற்ற பாட்டனார், செட்டிநாட்டிலிருந்து மலாயாவுக்குக் கொண்டுவிற்க வந்தவர். கோலாலம்பூர் அம்பாங் தெருவில் கிட்டங்கிகள் நிறைந்திருந்த காலத்தில் அங்கிருந்து, பின் கிள்ளானில் தொழில் நடத்தி, இரண்டாம் உலகப் போருக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். அவர் வாங்கிய துப்பாக்கி காரைக்குடிக்கு அருகிலுள்ள பூர்வீக வீட்டின் பரணில் கிடந்தது. பங்காளி ஒருவர் அதனை எடுத்து, பட்டறையில் கொடுத்துப் புதிதாக்கியிருக்கிறார். சென்னையிலிருந்து வந்த சேகரிப்பாளர் ஒருவர் அதைப் பார்த்து, தொண்ணூறு ஆண்டுப் பொருள் இத்தனை புதுமையாக இருக்கிறதே என்று வியந்து, நல்ல விலை சொல்லிப் போயிருக்கிறார். அது ஐந்து பங்குக்குரிய சொத்து. மெருகு புதியது என்பதை வாங்குவோரிடம் சொல்ல வேண்டுமா, சொன்னால் விலை எவ்வளவு குறையும் என்பதே நண்பரின் கேள்வி.

சொல்ல வேண்டும் என்று முதற்கேள்விக்கு உடனே விடை கூறிவிட்டேன். இரண்டாவதற்கு விடை கூறுவது அத்தனை எளிதாக இல்லை. அதற்கு அப்பொருளின் வரலாறு தெரிய வேண்டும்.

காற்றுத் துப்பாக்கி விளையாட்டுப் பொருளாகத் தோன்றியதன்று. ஐரோப்பாவில் அது போர்க்கருவியாகவே ஒருகாலத்தில் மதிக்கப்பட்டது. ஜிரண்டோனி என்பார் 1780ஆம் ஆண்டையொட்டி அமைத்த துப்பாக்கியை ஆஸ்திரியப் படை ஏற்றுக்கொண்டது. அதன் பின்கட்டையே காற்றடைத்த கலமாக இருந்தது. அக்கலத்தை நிரப்ப ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு முறை காற்றடிக்க வேண்டியிருந்ததாம். ஆனால் நிரம்பிவிட்டால் இருபது குண்டுகளை விரைந்து சுடலாம், புகை எழாது, மழையில் நனைந்தாலும் கெடாது. 1803 முதல் 1806 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியைக் கண்டறியச் சென்ற லூயிஸ், கிளார்க் குழுவினரும் ஒரு காற்றுத் துப்பாக்கியை உடன்கொண்டு சென்றனர். அதனைச் சுட்டுக்காட்டிப் பழங்குடியினரை வியக்கவைத்ததை அவர்தம் நாட்குறிப்புகள் சொல்கின்றன.

பின்னர் அது வீட்டுக்குள் புகுந்தது. அமெரிக்காவில் பிளிமத் என்னும் ஊரில் காற்றாலை செய்து விற்ற குழுமம் ஒன்று, 1888 முதல் தன் காற்றாலைகளோடு சிறுவர் துப்பாக்கியையும் வழங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் காற்றாலை மறைந்து துப்பாக்கியே தொழிலாயிற்று. டெய்சி என்று உலகறிந்த பெயர் அதுவே. ஜெர்மனியில் ராஸ்டாட் என்னும் ஊரில் 1890இல் மேயர், கிராமல்ஸ்பாகர் என்னும் இருவர் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து டயானா துப்பாக்கிகள் வந்தன. வேட்டைத் தெய்வம் வில்லைக் கீழே எறிந்துவிட்டுத் துப்பாக்கியை உயர்த்திப் பிடிப்பது அதன் குறி. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அப்பெயரும் எந்திரங்களும் ஸ்காட்லாந்திலிருந்த ஒரு குழுமத்தின் கைக்குப் போயின. அதனால் டயானா என்று பொறித்த எல்லாத் துப்பாக்கியும் ராஸ்டாட்டில் பிறந்ததன்று. இது விலை சொல்லுமிடத்து முதலில் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி.

நம் நண்பரின் துப்பாக்கி இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துப் பி.எஸ்.ஏ. குழுமம் செய்தது. அக்குழுமம் 1861இல் அந்நகர்த் துப்பாக்கித் தொழிலாளர் ஒன்றுகூடி நிறுவியது. நம்மவர்க்கு அப்பெயர் மிதிவண்டியாலும் மோட்டார் வண்டியாலும் பழக்கம். அதே நகரில் லிங்கன் ஜெஃப்ரிஸ் என்பார் 1904இல் ஒரு புதிய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பிருந்த பெரும்பான்மைக் காற்றுத் துப்பாக்கிகளில் குழலையே ஒடித்து மடக்கி வில்லை இறுக்க வேண்டும்; அதனால் நாளடைவில் குழல் தளர்ந்து குறி தவறும். ஜெஃப்ரிஸ் குழலை அசையாது நிறுத்தி, அதன் அடியில் ஒரு நெம்புகோலை வைத்தார். கோலை இழுத்தால் உருளைக்குள்ளிருக்கும் சுருள்வில் இறுகும். விசையைத் தட்டினால் வில் விடுபட்டு, தோல்வளையம் பூண்ட உந்துதண்டை முன்னே தள்ளும். நெருங்கிய காற்றுக் குண்டை வெளியேற்றும். 1905 முதல் பி.எஸ்.ஏ. இதனைச் செய்யத் தொடங்கியது. முதல் உலகப் போருக்குப்பின் 1919இலிருந்து 1939 வரை வந்த ஸ்டாண்டர்ட் வகையே கீழைநாடுகளில் இன்னும் அங்கங்கே பரணிலும் பெட்டியிலும் கிடைப்பது. 0.177 அங்குலக் குழலுக்கு முதல் எண், 0.22 அங்குலத்துக்கு இரண்டாம் எண் என்று வரிசை வைத்திருந்தனர். நண்பர் வீட்டுப் பொருள் முதல் எண்.

இனி மெருகைப் பற்றிச் சொல்ல வேண்டும். விலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இரும்பின்மேல் காணும் கருநீல நிறம் வண்ணப்பூச்சன்று. அதுவும் ஒருவகைத் துருவே. பழைய முறைப்படி, நன்கு இழைத்த குழலின்மேல் ஒரு காடியைத் தடவி ஈரமான அறையில் வைப்பார்கள். மேலே செந்துரு மெல்லெனப் படரும். அதைக் கொதிநீரில் அவித்தால் செந்துரு கருந்துருவாக மாறும். பிறகு மெல்லிய கம்பித்தூரிகையால் தேய்ப்பார்கள். இதனைப் பலமுறை, பல நாள் செய்தால், ஆழ்ந்து அடங்கிய ஒரு நிறம் வரும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இதன் இடத்தை வேறொரு முறை பெரிதும் கைக்கொண்டது. எரிசோடாவும் வெடியுப்பு வகையும் கலந்த நீரை ஏறத்தாழ 140 பாகை செல்சியசு வெப்பத்தில் கொதிக்கவைத்து, இரும்பை அதில் மூழ்கவைப்பார்கள். அரைமணி நேரத்தில் கருமை ஏறிவிடும். விரைவும் மலிவும் உடையது. நிறமோ மையை ஊற்றினாற்போல் மின்னும். ஆகவே போருக்கு முந்திய துப்பாக்கி ஒன்றில் இத்தகைய மின்னும் கருமையைக் கண்டால், முதலில் ஐயுறுதல் வேண்டும். இவையிரண்டுமன்றிக் கடையில் புட்டியில் விற்கும் தண்மருந்து ஒன்றும் உண்டு. துணியால் தடவினாலே கறுக்கும், சில மாதத்தில் கை பட்ட இடமெல்லாம் வெளுக்கும். அதைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்க வேண்டியதில்லை.

நிறத்தைவிடப் பெரிய கேடு, நிறம் ஏற்றுமுன் செய்யும் தேய்ப்பினால் வருவது. துருக்குழியை மறைக்க வேண்டுமானால் சுற்றியுள்ள நல்ல இரும்பையும் குழியின் ஆழம்வரை தேய்த்தாக வேண்டும். சுழலும் துணிச்சக்கரத்தில் பிடித்தால் வேலை விரைவில் முடியும். ஆனால் கூரிய விளிம்புகள் உருண்டுபோகும். திருகாணித் துளையின் வாய் கிண்ணம்போல் குழியும். பொறித்த எழுத்துகள் ஒருபுறம் ஆழமாகவும் மறுபுறம் மங்கியும் தோன்றும். போருக்குப் பிந்திய டயானா துப்பாக்கிகள் பலவற்றின் உருளையில் செய்த மாதமும் ஆண்டும் சிற்றெண்களாக வெட்டப்பட்டிருக்கும். தேய்ப்பவன் கையில் முதலில் மறைவது அதுவே. பி.எஸ்.ஏ. துப்பாக்கிகளில் வரிசை எண்ணைக் கொண்டு ஆண்டை அறியும் பட்டியல்கள் சேகரிப்போரிடம் உண்டு. எண் அழிந்தால் அப்பொருளுக்குப் பிறந்தநாள் இல்லை.

மரத்தின் செய்தியும் இதுவே. உப்புத்தாள் கொண்டு தேய்த்த கட்டை, தான் பற்றியிருந்த இரும்பைவிடச் சற்றே தாழ்ந்து நிற்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் மரமும் இரும்பும் ஒரே மட்டத்தில் பொருந்தியிருக்கும், அல்லது மரம் மயிரிழையளவு உயர்ந்திருக்கும். விரலை இணைப்பின்மேல் ஓட்டினாலே வேறுபாடு தெரியும். இதற்குக் கண்ணாடியும் வேண்டா, நூலறிவும் வேண்டா. பிடியில் கட்டக்கோடு செதுக்கப்பட்டிருந்தால் அக்கோடுகளின் முனை மழுங்கியிருக்கும். ஆளிவிதை எண்ணெய் ஊறிய பழைய கட்டை ஒளியை உள்வாங்கும். இன்றைய வார்னிஷ் பூசிய கட்டை ஒளியைத் திருப்பியடிக்கும்.

சென்ற பொங்கலையொட்டி நண்பருடன் நானும் காரைக்குடிப் பக்கம் சென்றிருந்தேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருட் கடைகளைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. பர்மாத் தேக்குத் தூண்கள், எனாமல் தூக்குப் பாத்திரங்கள், பித்தளை விளக்குகள் என்று கடல்கடந்து சம்பாதித்த குடும்பங்களின் வீடுகள் அங்கே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. விளக்குகளில் பாதி பொன்போல் மின்னின. மின்னாத ஒன்றைச் சுட்டி விலை கேட்டேன். கடைக்காரர், "துலக்காததா? அதற்கு விலை கூடுதல்" என்றார். அந்த ஒரு சொல்லில் நான் எழுதும் இக்கட்டுரை முழுவதும் அடங்கிவிட்டது.

மறுநாள் பூர்வீக வீட்டில் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்துவைத்த வடிவம் பி.எஸ்.ஏ.யின் வணிகக்குறி. அக்குறி பழங்கோயில் படியில் தேய்ந்த கோலம்போல் இருந்தது. குழலின் கருமைக்கு அடியில் துருக்குழிகள் அம்மைத் தழும்பாகத் தெரிந்தன. திருகாணிகளின் பிளவு சிதைந்திருந்தது. பங்காளி, அவரும் நல்லவரே, பெருமையோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா காலத்தில் இருந்ததுபோலவே ஆக்கிவிட்டோம், பார்த்தீர்களா?" என்றார். என்ன விடை சொல்வது? திருகாணியைக் கழற்றிக் கட்டையைப் பிரித்துக் காட்டும்படி வேண்டினேன். மரம் மூடியிருந்த அடிப்பகுதியில், பட்டறைக்காரனின் சக்கரம் எட்டாத ஒரு விரற்கிடை இடத்தில், பழைய நிறம் அப்படியே இருந்தது. கரும்பச்சை படர்ந்த நீலம், அடங்கிய ஒளி. அதனருகே புதுக்கருமை செருப்பு மையைப்போல் தோன்றிற்று. பங்காளி அதனை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இப்படியா இருந்தது முழுவதும்?" என்று கேட்டார்.

தமிழாசிரியர்களுக்கு இது புதிய துன்பமன்று. ஏட்டுச்சுவடியில் பொருள் விளங்காத சொல் ஒன்று வந்தால், விளங்கும் சொல்லாக அதை மாற்றி எழுதிவிடுவது ஓர் எளிய வழி. படிக்க இனிதாக இருக்கும். ஆனால் புலவன் எழுதிய சொல் அதோடு போயிற்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட காலந்தொட்டு, கிடைத்த பாடங்களை ஒப்புநோக்கிப் பிரதிபேதங்களைக் காட்டிச்செல்லும் நெறி நம்மிடையே வேரூன்றியது. மங்கலான ஏட்டை மெருகிட்டு மறைப்பதை அந்நெறி ஒப்பாது.

கல்லிலும் இதற்குச் சான்று உண்டு. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் பல செங்கற் கோயில்களைக் கற்றளிகளாகப் புதுக்கினார். திருக்கோடிகாவலில் பழைய கோயிலைப் பிரித்தபோது, அங்கிருந்த முந்திய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மறுபடி வெட்டுவித்தனர். அத்தோடு விடாமல், இது பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்பதையும் அங்கேயே பொறித்துவைத்தனர். புதுக்கியதை மறைக்கவில்லை என்பதே அதன் சிறப்பு. ஆயிரம் ஆண்டுக்குப்பின் வந்த நம் காலத்திலோ, திருப்பணி என்னும் பெயரால் மணலை வீறிட்டடித்துச் சுவரைத் தூய்மை செய்து, எழுத்தைத் தேய்த்த கதைகளையும் கேட்டோம்.

அப்படியானால் பழம்பொருளைத் தொடவே கூடாதா என்று கேட்கலாம். அவ்வாறு சொல்பவன் நான் அல்லேன். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்புக்கூடம் ஒன்று தோன்றியது. அங்குள்ள செப்புத்திருமேனிகளைப் பச்சைப்பொடியாக அரித்துத் தின்ற நோயைத் தீர்க்க, எஸ். பரமசிவன் என்னும் அறிஞர் மின்பகுப்பு முறையைக் கையாண்டார். நோயை நீக்குவது வேறு, தோலை உரிப்பது வேறு. காற்றுத் துப்பாக்கியிலும் பரவிக்கொண்டிருக்கும் செந்துருவை எண்ணெயிட்டு மெல்லெனத் துடைத்து நிறுத்துவது பாதுகாப்பு. அதனால் விலை குறையாது. நைந்த தோல்வளையத்தையும் முறிந்த சுருள்வில்லையும் மாற்றுவதும் அவ்வாறே. அவை தேய்வதற்கென்றே செய்யப்பட்ட உறுப்புகள். செருப்புக்கு வார் மாற்றுவதைப் போன்றது. கழற்றிய பழைய உறுப்பை எறியாமல் உடன்வைத்திருந்தால் விலை சிறிது கூடவும் கூடும்.

மலாய் நாட்டிலிருந்து ஒரு மறுதலைச் சான்றையும் காட்டியாக வேண்டும். கிரிஸ் என்னும் குத்துவாளை எலுமிச்சைச் சாற்றாலும் பாடாணத்தாலும் அவ்வப்போது கழுவித் துலக்குவது இங்குள்ள பழவழக்கம். அப்போதுதான் அதன் அலகில் மடித்து அடித்த இரும்பின் வரிகள் வெள்ளியும் கருமையுமாக மேலெழும். கிரிஸ் இந்நாட்டில் வெறும் அணியன்று. தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து தெற்கே உள்ள ஜுக்ராவில் சுல்தான் அப்துல் சமாது அரசிருந்த காலத்தில், 1874இல், கடற்கொள்ளை வழக்கில் தண்டிக்கப்பட்டோர்க்குக் கொலைத்தண்டனை நிறைவேற்ற அவரே ஒரு கிரிஸை அனுப்பியதாக வரலாறு கூறும். இன்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குள் உறங்கும் கிரிஸ்களைக் காணலாம். துலக்கிய கிரிஸுக்கு விலை குறைவதில்லையே, துப்பாக்கிக்கு மட்டும் ஏன் குறைய வேண்டும்? கிரிஸைத் துலக்குவது அதைச் செய்தவனே எதிர்பார்த்த தொழில்; அதன் வாழ்க்கையில் ஒரு பகுதி. துப்பாக்கியின் மெருகோ தொழிற்சாலையில் ஒருமுறை ஏற்றியது. மறுமுறை ஏற்றினால் அது வேறு கையின் வேலை. இந்த வேறுபாட்டை உணராமல் எல்லாப் பழம்பொருளுக்கும் ஒரே விதி வகுப்போர், இரண்டு பக்கத்திலும் தவறுவர்.

இப்போது கணக்குக்கு வருவோம். சேகரிப்போர் தொழிற்சாலை மெருகு எத்தனை விழுக்காடு எஞ்சியிருக்கிறது என்பதை அளவுகோலாகக் கொள்கின்றனர். அமெரிக்காவில் வெளிவரும் காற்றுத் துப்பாக்கி விலைநூலும் இம்முறையையே பின்பற்றுகிறது. என் வழி இது. ஒரே வகைத் துப்பாக்கிக்கு மூன்று விலைகளைத் தேடிக்கொள்ள வேண்டும். முதல் மெருகு பெரிதும் எஞ்சிய நல்ல பொருளின் விலை நூறு என்று கொள்வோம். கை பட்டுத் தேய்ந்து நிறம் வெளுத்து, ஆனால் யாரும் திருத்தாத பொருளின் விலை அறுபது ஆகலாம். அழகு எதுவும் இல்லை, சுட மட்டும் உதவும் என்ற பொருளின் விலை முப்பது ஆகலாம். இவை விளக்கத்துக்காக நான் கற்பித்த எண்கள். உண்மையான எண்களைச் சந்தைதான் தரும். மெருகிட்ட பொருளை நூறுக்குப் பக்கத்தில் வைப்பது வாங்குவோனை ஏமாற்றுவது. அதன் இடம் முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில். எழுத்தும் எண்ணும் விளிம்பும் தப்பியிருந்தால் மேலே ஏறும். அவை தேய்ந்திருந்தால் கீழே இறங்கும்.

விலக்குகளும் உண்டு. செய்த குழுமமே பழுதுபார்க்கையில் மறுமெருகு ஏற்றிக் கொடுத்ததற்குச் சீட்டு இருந்தால், அதுவும் வரலாறாகிவிடும். முழுதும் துருவேறி, காப்பதற்குப் பழைய மெருகு ஏதும் எஞ்சாத துப்பாக்கியை, பழைய முறையறிந்த கைவினைஞன் ஒருவன் பொறுமையாகப் புதுக்கினால் விலை ஏறுவதே நியாயம். பட்டறைக்குக் கொடுத்த கூலியை விலையோடு சேர்த்துக் கேட்போரும் உளர்; ஐந்நூறு செலவழித்தேன், ஆகவே ஐந்நூறு கூட்டு என்பர். தாளிப்புக் கருகிவிட்டால் எண்ணெய்க்கு யார் காசு கொடுப்பார்?

சட்டத்தையும் ஒரு சொல்லில் தொட்டுவிடுகிறேன், ஏனெனில் இது விளையாட்டுக் காரியமன்று. மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமென்றே கொள்கிறது. உரிமமின்றி வைத்திருப்பதும் வாங்குவதும் விற்பதும் குற்றம். 1948 முதல் 1960 வரை நிலவிய அவசரகாலத்தில் உரிமமற்ற சுடுகருவிக்கு மரணதண்டனையே விதிக்கப்பட்டிருந்ததை நினைத்தால், தோட்டப்புறத்துத் தமிழர் துப்பாக்கி என்ற பேச்சையே தவிர்த்து வந்ததில் வியப்பில்லை. இந்தியாவிலோ 0.177 அங்குலத்துக்கு மிகாத குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உடைய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. ஆகவே நண்பரின் பாட்டனார் துப்பாக்கி காரைக்குடியில் வீட்டுப்பொருள். கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினால் ஆயுதம். அதனை இங்கே கொண்டுவரும் எண்ணம் வேண்டா என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இதே கருவி 1984 முதல் ஒலிம்பிக் விளையாட்டாகவும் இருக்கிறது. 2012இல் இலண்டனில் மலேசிய வீராங்கனை நூர் சுரியானி எட்டு மாதக் கருவோடு நின்று இப்போட்டியில் சுட்டார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இதே பிரிவில் உலகக் கோப்பைப் போட்டிகளில் பொற்பதக்கம் வென்றவர். கடவுள் வாழ்த்தில் பயிலும் ஒரு சொல்லைப் பெயரில் தாங்கி ஒருவர் துப்பாக்கிக் களத்தில் நிற்பது தமிழாசிரியர்க்கு மகிழ்ச்சி தரும் என்பதால் இதைக் குறித்தேன்.

காரைக்குடி வீட்டுத் திண்ணையில் அன்று மாலை ஐந்து பங்காளிகளும் அமர்ந்து பேசினார்கள். ஒருவர், "கேட்டால் சொல்வோம், கேளாவிட்டால் நாமாக ஏன் சொல்ல வேண்டும்?" என்றார். மற்றொருவர், வாங்குவோர் அறிந்தவராயின் தாமே கண்டுகொள்ளட்டும் என்றார். இரண்டும் வணிகர் குடும்பத்தில் எழக்கூடிய பேச்சே. மெருகிடக் கொடுத்த பங்காளிதான் எழுந்து உள்ளே போய், பழைய பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பட்டறையில் மாற்றிய தோல்வளையமும் இரண்டு திருகாணிகளும் அதில் இருந்தன, நல்லவேளை, எறியவில்லை. "ஐயா வட்டிக்கணக்கில் ஒரு தம்பிடி கூட்டி எழுதமாட்டார் என்று அப்பத்தா சொல்லும். இதில் நான் எழுதுகிறேன்" என்று சொல்லி ஒரு தாளை எடுத்தார். எந்த மாதம் பட்டறைக்குப் போயிற்று, எதைத் தேய்த்தார்கள், எந்த முறையில் கருமை ஏற்றினார்கள், கட்டைக்கு என்ன பூசினார்கள் என்று நான் கேட்கக் கேட்க எழுதினார். ஒரு பக்கம் நிறைந்தது.

சென்னையிலிருந்து சேகரிப்பாளர் மறுபடி வந்தபோது அத்தாளையே முதலில் அவர் கையில் கொடுத்தார்களாம். அவர் படித்துவிட்டு, கட்டையைக் கழற்றச் சொல்லி, அந்த விரற்கிடை நீலத்தைப் பார்த்தார். முன்பு சொன்ன விலையில் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். தகரப்பெட்டியும் தாளும் உடன் வந்தால் அதற்கென்று சிறிது கூட்டுவதாகவும் சொன்னார். பங்காளிகள் ஒப்புக்கொண்டனர். பணம் ஐந்தாகப் பிரிந்தது.

தம் பங்கில் நண்பர் பயணச்சீட்டு வாங்கித் திரும்பினார். கட்டையைப் பிரித்தபோது எடுத்த படம் இப்போதும் அவர் கைப்பேசியில் இருக்கிறது. பள்ளியில் பிரதிபேதம் என்றால் என்னவென்று மாணவர்க்கு விளக்கும் நாளில், தாம் அந்தப் படத்தைத்தான் காட்டுவதாகச் சென்ற வாரம் என்னிடம் கூறினார்.